மாமியாரின் வலது கை

அன்று காலை ஒரே கூண்டை மூன்று முறை கழுவினேன். முதல் முறை அழுக்குக்காக, மற்ற இரண்டு முறையும் எனக்காக. பதினோரு மணிக்குக் கண்ணாடி அறையில் உறையைப் பிரிக்கப்போகிறார்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்றால் என்னால் முடியாது. பிறந்ததிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளாது. அம்மா வயிற்றிலேயே எட்டு மாதத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் வெளியே வந்தவள் நான்.

"அக்கா, அந்தக் கூண்டு கரைஞ்சிடப் போகுது," என்றார் மாட்டு டாக்டர்.

அவர் கால்நடை மருத்துவர். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் மருந்துக்குக்கூட ஒரு மாடு கிடையாது, எல்லாம் குரங்குகள்தான். ஆனாலும் அவர் வேலைக்கு வந்த முதல் நாளே நான் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்ல மனிதர், என்னைவிடப் பத்து வயது சிறியவர். எதற்கும் பதறமாட்டார். அதனாலேயே எனக்கு அவர்மேல் அடிக்கடி எரிச்சல் வரும்.

"கரைஞ்சா புதுசு வாங்கிக் குடுங்க," என்றேன்.

பத்தொன்பது வருடமாக இந்த வேலை. ஆராய்ச்சி நிலையத்தில் வேலை என்றால் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். குரங்குக்குச் சோறு போட்டுக் கூண்டு கழுவுகிறேன் என்றால் சிரிப்பார்கள். ஆள் யார் என்று பார்த்து, எதைச் சொல்வது என்று முடிவு செய்வேன்.

அந்த உறைக்குள் இருந்தது எட்டுக் குரங்குகளின் விவரம். எட்டுக்கும் மயக்கம் கொடுத்து, வலது கையை இயக்குகிற மூளைப் பகுதிக்குப் போகும் ஒரு சின்ன ரத்தக்குழாயை அடைத்திருந்தார்கள். மனிதர்களுக்குத் தானாக வருகிற பக்கவாதத்தை இவற்றுக்கு நாங்கள் வரவழைக்கிறோம். இதைச் சொல்ல எனக்குச் சங்கடம்தான். சங்கடமே இல்லாத மாதிரி நடிக்க எனக்கு வராது. அதன் பிறகு நான்கு குரங்குகளுக்குப் புது மருந்து, மற்ற நான்குக்கு வெறும் உப்புத்தண்ணீர். எதற்கு எது என்று ஊசி போட்ட டாக்டருக்குத் தெரியாது, சோறு போட்ட எனக்குத் தெரியாது, மொத்த ஆராய்ச்சிக்கும் தலைவியான மேடத்துக்கும் தெரியாது. அந்த உறைக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதை மட்டும் பார்க்க ஆரம்பித்துவிடும் என்பார் மேடம்.

எலி போதாதா, ஏன் குரங்கு என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். பதில் சொல்லாமல் மேசையில் கிடந்த ஒரு சட்டைப் பொத்தானைக் காட்டி, "எடுங்க," என்றார். எடுத்தேன். "எதால எடுத்தீங்க?" பார்த்தேன். கட்டைவிரல் நுனியாலும் ஆள்காட்டி விரல் நுனியாலும்.

"எலியால இப்படி எடுக்க முடியாது. இவங்களால முடியும். பக்கவாதம் வந்தா நம்மகிட்டேர்ந்து போறது இதுதான். திரும்ப வரவேண்டியதும் இதுதான்."

அதனால் சோதனையும் அதுதான். ஒரு பலகையில் பதினைந்து சின்னக் குழிகள், குழிக்கு ஒரு சர்க்கரை உருண்டை. வலது கையால் எல்லாவற்றையும் எடுக்க எத்தனை நொடி ஆகிறது என்று தினமும் காலையில் கேமரா வைத்துக் குறிப்பார்கள்.

இனி மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமியார் என்பது முப்பத்தொன்றாம் எண். மார்பில் எண்ணைப் பச்சை குத்தியிருக்கும். குரங்குகளுக்குப் பெயர் வைக்கக்கூடாது என்று இங்கே ஒரு பேச்சு உண்டு, பிரிகிற நாளில் கஷ்டமாம். நான் பெயர் வைக்கவில்லை, உறவு முறைதான் வைத்தேன். மேல் தட்டில் உட்கார்ந்துகொண்டு நான் பெருக்குகிற ஒவ்வொரு மூலையையும் மேற்பார்வை பார்ப்பாள். திருப்தி இல்லை என்றால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். அவளை நிமிர்ந்து பார்க்கவும் கூடாது. குரங்கின் கண்ணுக்குள் நேராகப் பார்த்தால் சண்டைக்குக் கூப்பிடுகிறோம் என்று அர்த்தம். பார்வையைத் தரையில் போட்டு, உதட்டை மெதுவாகச் சப்புக்கொட்டி, நான் அடங்கினவள்தான் என்று காட்ட வேண்டும். என் நிஜ மாமியாரிடம் ஒரு நாளும் செய்யாததை இங்கே சம்பளத்துக்குச் செய்தேன்.

அறுவை சிகிச்சைக்கு மறுநாள் அவள் மேல் தட்டுக்கு ஏறவில்லை. கீழே உட்கார்ந்திருந்தாள். இடது கையால் எல்லாவற்றையும் வாங்கித் தின்றாள். வலது கை மடியில் கிடந்தது. யாரோ கொடுத்துவைத்துவிட்டுப் போன பொருளைப் போல அதை அவ்வப்போது குனிந்து பார்த்தாள்.

அதே பார்வையை வீட்டில் சாப்பாட்டு மேசையில் பார்த்துவிட்டுத்தான் நான் வேலைக்கு வந்திருந்தேன்.

வீட்டில் நானும் தம்பியும்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனக்கு ஆகி முடிந்துவிட்டது. அவன் வயர்மேன். விளக்கே இல்லாத மூலையில் கையைவிட்டு, எந்தத் திருகு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று விரலாலேயே சொல்லிவிடுவான். மாமியாருக்கு அறுவை நடந்ததற்கு இரண்டு மாதம் முன்பு, பல் துலக்கிக்கொண்டிருந்தவனின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்தவன் எழுந்திருக்கவில்லை. உயிர் பிழைத்தான். பேச்சு வந்தது, கால் வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. தூக்கினால் தூக்கும், விரல்கள் சொன்னபடி கேட்காது.

கை கால் பயிற்சி கொடுக்கிற பிசியோ ஒருவர் வீட்டுக்கு வந்து வழி சொன்னார். "நல்ல கையில உறை மாட்டிக் கட்டிப்போட்டுடுங்க. கெட்ட கைக்கு வேற வழியே இல்லாம பண்ணுங்க. தினமும், விடாம. முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம். அதுக்கப்புறம் வர்றது கொஞ்சம்தான்."

அவனுடைய இடது கையில் ஒரு சாக்ஸை மாட்டி, தட்டில் பட்டாணி போட்டு, எதிரில் உட்கார்ந்தேன். அவன் விரல்களையே முறைத்துப் பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்," என்று நச்சரித்தேன். பட்டாணி நழுவும்போதெல்லாம் என்னையறியாமல் 'ச்' கொட்டினேன். இரண்டாம் நாள் தட்டைத் தட்டிவிட்டான். பட்டாணி வீடு முழுக்க ஓடியது.

"அப்படிப் பாக்காதக்கா. நான் என்ன உன் கூண்டுலயா இருக்கேன்?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். "போடா. உன் கை, உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை, அவனும் செய்யவில்லை. பட்டாணி மட்டும் ஒரு வாரம் வரை கட்டிலுக்கு அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

மாமியாரின் கையைப் பார்த்த அன்று சாயங்காலம் தம்பியின் கருவிப் பையைத் திறந்தேன். வயர் விடுகிற பிளாஸ்டிக் குழாயில் ஒரு சாண் நீளத் துண்டு கிடந்தது. மறுநாள் அது என் சீருடைப் பையில் இருந்தது, கூடவே ஒரு கை காய்ந்த திராட்சையும். கூண்டின் கீழ் மூலையில், தண்ணீர்ப் புட்டி மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் துவாரம் உண்டு. உள்ளே இருக்கிற தடுப்பால் அங்கே இடது கை எட்டாது, வலது கை மட்டும்தான் எட்டும். குழாயை அதில் செருகி, அதன் முனையில் ஒரு திராட்சையை வைத்து, தரையில் குந்தி உட்கார்ந்தேன்.

பல்லைக் காட்டினாள். கம்பியைப் பிடித்து உலுக்கினாள். குழாயைக் கடித்தாள். இப்படிப் பதினோரு நாள். தினமும் சாயங்காலம் மற்றவர்கள் கை கழுவப் போன பிறகு இருபது நிமிடம் நான் அங்கே இருப்பேன். நான் கையைப் பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று கண்டுபிடித்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் முயற்சி செய்வாள். பன்னிரண்டாம் நாள் இரண்டு விரல்கள் குழாய்க்குள் வந்தன. திராட்சை நழுவிக் கீழே விழுந்தது. நான் 'ச்' கொட்டவில்லை. இன்னொன்றை வைத்தேன்.

சோதனைப் பலகையைத் தவிர வேறெங்கும் கையால் உணவு கொடுக்கக்கூடாது என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதை ஒட்டியவளே நான்தான். இருந்தாலும் நான் செய்வது தப்பென்று தோன்றவில்லை. மருந்து உள்ளே வேலை செய்கிறது, நான் வெளியிலிருந்து கொஞ்சம் ஒத்தாசை செய்கிறேன் என்று நினைத்தேன். மாமியாருக்கு மருந்துதான் போயிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வரவில்லை என்ன, நான் வரவிடவில்லை.

ஆரம்பத்தில் பதினைந்து குழிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. மூன்றாம் மாதம் நாற்பது நொடி. மேல் தட்டுக்கு மறுபடி ஏறிவிட்டாள், நான் பெருக்குவதில் மறுபடி குறை கண்டுபிடித்தாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தம்பியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்ன நாளிலிருந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் கேட்கிற முதல் கேள்வி, "உன் மாமியாருக்கு இன்னைக்கு எத்தனை நொடி?" என்பதாகிவிட்டது. நொடி குறையக் குறைய அவன் முகம் தெளிந்தது. சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தான். ஒரு நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அந்தப் பிசியோகிட்ட மறுபடி போய்ப் பாக்கலாமாக்கா?"

"எதுக்குடா அந்தத் தொல்லை. மருந்துதான் வருதே. மனுஷங்களுக்குக் குடுத்துப் பாக்கும்போது உன் பேரதான் முதல்ல எழுதணும்னு மேடத்துகிட்ட நானே சொல்றேன்."

அவன் தலையாட்டினான். மறுநாள் கட்டிலுக்கு அடியில் கிடந்த கருவிப் பை வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு வந்து வைத்திருக்கிறான்.

இப்போது புரிந்திருக்கும், நான் ஏன் ஒரே கூண்டை மூன்று முறை கழுவினேன் என்று. அந்த உறைக்குள் இருந்தது என் தம்பியின் கை.

பதினொன்று அடித்துப் பத்து நிமிடம். கழுவும் இடத்திலிருந்து கண்ணாடி அறை தெரியும், பேச்சு கேட்காது. மேடம் தாளைப் பிரித்தார். படித்தார். மறுபடி படித்தார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். தண்ணீர்க் குழாயை அடைக்காமலே நின்றேன், தண்ணீர் என் பூட்ஸுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மாட்டு டாக்டர் வெளியே வந்தார். குழாயை அவர்தான் அடைத்தார்.

"ஊத்திக்கிச்சு அக்கா."

"என்ன ஊத்திக்கிச்சு? தெளிவா சொல்லுங்க."

"மருந்து வாங்குன நாலும் ஓரளவு தேறியிருக்கு. உப்புத்தண்ணி வாங்குனதுல மூணு அப்படியே கிடக்கு. ஆனா நாலாவது, மருந்து வாங்குனதையெல்லாம்விட நல்லா தேறிடுச்சு. இருக்கிறதே எட்டு. அதுல ஒண்ணு இப்படி ஆனா, மருந்து இல்லாமலே சரியாகுதேன்னு கேப்பாங்க. இதோட மூடிரலாம்னு மேடம் யோசிக்கிறாங்க."

"எது அந்த நாலாவது?"

"உங்க மாமியார்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதலில் மனதில் வந்தது மருந்தில்லை, மேடமில்லை, வேலையில்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பைதான். மாமியாரின் கையைத் திரும்பக் கொண்டுவந்தது மருந்தில்லை. ஒரு சாண் குழாயும் தினமும் இருபது திராட்சையும். குழாய் எங்கள் வீட்டுக் குழாய். தம்பி வாய்விட்டுக் கேட்டான். நான் வேண்டாம் என்றேன்.

கழுவும் இடத்திலிருந்து தீவனக் கிடங்குக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். வாளியை எடுத்தேன், வைத்தேன். மறுபடி கிடங்கு. வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருந்தேன் என்றால் அது பொய். யாருக்கும் தெரியாது. மாமியார் காட்டிக்கொடுக்க மாட்டாள், அந்த ஒரு விஷயத்தில் நிஜ மாமியாரைவிட உசத்தி. என் வேலை தப்பிக்கும். ஆனால் ஓரளவு வேலை செய்கிற ஒரு மருந்தை இன்றைக்கே குப்பையில் போட்டுவிடுவார்கள். வேறு யாரோ ஒருத்தி வீட்டில் வேறு ஒரு தம்பி தன் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

நாலாவது முறை கிடங்கு வரை போனவள் பாதியில் திரும்பி, பூட்ஸில் தண்ணீர் சளக் சளக்கென்று சத்தம் போட, கண்ணாடி அறைக்குள் போனேன்.

"மேடம், முப்பத்தொண்ணு தானா தேறல. நான் பழக்குனேன்."

சட்டைப் பையிலிருந்து குழாயை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். திராட்சை ஒன்று உள்ளேயிருந்து உருண்டு வந்து தாளின் மேல் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். மேடத்தின் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தேன்.

"எத்தனை நாள்?"

"அஞ்சு மாசம். லீவு போட்ட நாள் தவிர."

"லீவு எத்தனை நாள் போட்டீங்க?"

"நாலு."

மேடம் கத்துகிற ஆளில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம்.

"முப்பத்தொண்ண கணக்குலேர்ந்து எடுத்துடணும்," என்றார். "அப்ப உப்புத்தண்ணிப் பக்கம் மூணுதான். அது பத்தாது. அதுக்குப் பதிலா இன்னொரு குரங்கக் கொண்டு வரணும். கை நல்லா இருக்கிற ஒண்ணு. அதுக்கு மயக்கம் குடுத்து, மண்டையத் திறந்து, புதுசா அடைப்பு வைக்கணும். உங்க இரக்கத்துக்கு அது பதில் சொல்லணும். புரியுதா அக்கா?"

புரிந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு குரங்கைக்கூட நான் கை நீட்டி அடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இனிமேல் சொல்ல முடியாது.

"ஏன் செஞ்சீங்க?"

தம்பியைப் பற்றிச் சொன்னேன். பிசியோ சொன்ன வழியைச் சொன்னேன். மேடம் அந்தத் திராட்சையை எடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்த்தார்.

"அந்தப் பயிற்சி எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியுமா? உங்க பிசியோ கண்டுபிடிச்சது இல்ல. பல வருஷத்துக்கு முன்னாடி, கை உணர்ச்சி போன குரங்குங்களப் பாத்துக் கத்துக்கிட்டது. நல்ல கையக் கட்டினா செத்த கை எழுந்திருக்கும்னு அதுங்கதான் காட்டிக் குடுத்துச்சு. அப்புறம்தான் மனுஷங்களுக்குச் செஞ்சாங்க. அதுங்க பட்டது பட்டுப்போச்சு. அதோட பலன் உங்க வீடு தேடி வந்துச்சு." நிறுத்திவிட்டு நேராகக் கேட்டார். "தம்பிக்குச் செஞ்சீங்களா?"

"இல்ல," என்றேன்.

எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நாளையிலிருந்து கூண்டுகளுக்குப் பக்கத்தில் நான் போகக்கூடாது, துணி துவைக்கும் அறையில் இருக்க வேண்டும். வேலையில் இருப்பேனா இல்லையா என்பதை நிலையத்தின் விசாரணைக் குழு முடிவு செய்யும். கடைசியில் மற்ற ஏழு குரங்குகளையும் நிரந்தரமாகத் தூங்கவைத்து மூளையைப் பார்ப்பார்கள், அது முதலிலேயே எழுதிவைத்த விஷயம். முப்பத்தொன்று இனி எதற்கும் உதவாது. கிழட்டுக் குரங்குகள் இருக்கிற திறந்த கொட்டகைக்கு அவளை அனுப்பிவிட மாட்டு டாக்டர் அனுமதி கேட்டு வாங்கினார். தப்பு செய்தவள் நான், தப்பித்தவள் அவள். ஒழுங்காக நொடிக்கணக்குக் கொடுத்த மற்ற ஏழும் என்ன பாவம் செய்தன என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

கிளம்பும்போது அவள் கூண்டைத் தாண்டித்தான் போக வேண்டும். மணி நாலரை, எங்கள் நேரம். மாமியார் மேல் தட்டிலிருந்து இறங்கி, மூலைத் துவாரத்தில் இரண்டு விரல்களை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தரையைப் பார்த்தபடி ஒருமுறை சப்புக்கொட்டிவிட்டு, நிற்காமல் நடந்தேன்.

வீட்டு வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். உறை பிரிக்கிற நாள் என்று அவனுக்கும் தெரியும். புதுச் சட்டை போட்டிருந்தான்.

"பிரிச்சாங்களா? உன் மாமியாருக்கு மருந்துதானே?"

"உள்ள வா."

அவன் உட்கார்ந்தான். நான் உட்காரவில்லை. அடுப்பு, ஜன்னல், கதவு என்று நடந்துகொண்டே சொல்லி முடித்தேன். உப்புத்தண்ணீர் என்றபோது அவன் முகம் மாறியது. திராட்சை என்றபோது ஒன்றும் புரியாமல் பார்த்தான். பையிலிருந்து குழாயை எடுத்து மேசையில் வைத்தேன். மேடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார்.

இடது கையால் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். முனையெல்லாம் பல் தடம்.

"இது என் பைப்பாச்சே."

"ஆமா."

"அப்ப மருந்தே இல்லாம, இத வெச்சு நீ பழக்கியே அந்தக் கை வந்துடுச்சு."

"ஆமாடா."

"நான் பிசியோகிட்ட போலாமான்னு கேட்டப்ப, தொல்லைன்னு சொன்னே."

நான் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றுவிட்டேன்.

"அது ஆரம்பத்துல கடிக்க வந்துச்சா?" என்று கேட்டான்.

"பதினோரு நாள்."

"மொத்தம் எத்தனை நாள் அதுகிட்ட உக்காந்தே?"

"அஞ்சு மாசம்."

"எங்கிட்ட?"

அவன் கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குத் தெரியாதவன் கேட்பதைப் போலக் கேட்டான். பதிலுக்காகக் காத்திருந்தான்.

"ரெண்டு நாள்," என்றேன்.

அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன், எனக்கு எதையும் சின்னதாகச் செய்ய வராது. "என் தப்புடா. எல்லாம் என் தப்பு," என்றேன். அவன் பிறந்த நாளிலிருந்து அவனிடம் நான் ஒருமுறையும் சொல்லாத வார்த்தை அது. அவன் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. குழாயை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஆறு மாசத்துக்கு அப்புறம் எவ்வளவு வரும்னு சொன்னாரு அந்தப் பிசியோ?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா?"

"தெரியலடா. யாருக்கும் தெரியாது."

குழாயை விட்டுவிட்டு, இடது கையை என் பக்கம் நீட்டினான்.

"அந்த சாக்ஸ் எங்க?"

தேடி எடுத்து மாட்டினேன், மணிக்கட்டில் ஒரு முடிச்சும் போட்டேன். சீருடைப் பையில் ஏழு திராட்சைகள் மீதி இருந்தன. தட்டில் ஒன்றே ஒன்றை வைத்தேன். அவன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்களைத் தரையில் போட்டேன்.

தட்டில் நகம் உரசுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. திராட்சை தட்டைவிட்டு ஓடி என் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்து, தலையைத் தூக்காமல், தட்டிலேயே வைத்தேன்.

"பாக்கலையா நீ?" என்றான்.

"பாக்க மாட்டேன்."

என்னையறியாமல் உதடு சப்புக்கொட்டியது.

"என்னக்கா சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல. நீ எடு."

மறுபடி விழுந்தது. மறுபடி வைத்தேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஜன்னலில் வெளிச்சம் குறைந்து, தரையே சரியாகத் தெரியாமல் போகும்வரை நான் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.